மெத்தனாலைக் குடிக்காமலும் கண் போகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெத்தனால் என்றதும் நம் ஊர் வாசகருக்கு நினைவுக்கு வருவது கள்ளச்சாராயம். 2023 மே மாதம் மரக்காணம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி என்று நாம் பட்டதெல்லாம் அந்த வழியில்தான். அதனால் மெத்தனால் விஷம் என்று தெரிந்த உடனேயே ‘குடித்திருக்கிறார்’ என்று முடிவுகட்டும் பழக்கம் வந்துவிட்டது. செய்தியாளருக்கும் அந்தப் பழக்கம் உண்டு, இரவுப் பணியில் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் மருத்துவருக்கும் உண்டு. வாய்வழியே ஒரு சொட்டும் போகாமல், மூச்சிலும் தோலிலும் ஏறிய மெத்தனாலால் இருபதுகளில் இருந்தவர்கள் பார்வை இழந்ததைத் தென் கொரிய மருத்துவர்கள் 2016-இல் கண்டுபிடித்துப் பதிவு செய்தார்கள். அதைப் பற்றியும், அதற்கு முன்பும் பின்பும் அதே நாட்டில் நடந்த சிலவற்றைப் பற்றியும் எழுதத் தோன்றியது. கடிதம் சற்று நீளம். இடம் கொடுப்பீர்கள் என்று நம்புகிறோம்.

சம்பவம் நடந்தது சியோலை ஒட்டிய புச்சியோன், இஞ்சியோன் நகரங்களின் சிறு பட்டறைகளில். பெரிய கைபேசி நிறுவனங்களுக்கு உதிரிபாகம் போய்ச்சேரும் சங்கிலியில் மூன்றாம் படியில் இருக்கும் பட்டறைகள் அவை. அலுமினியத் துண்டைக் கணினி இயக்கும் வெட்டு இயந்திரமான சிஎன்சியில் மாட்டிப் பாகங்களாகக் கடைவது வேலை. வெட்டும் முனை சூடேறாமலும், அலுமினியத் துகள் அதில் அப்பிக்கொள்ளாமலும் இருக்க ஏதாவது ஒரு திரவம் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும். வழக்கமான கூலன்ட் என்றால் பாகத்தில் பிசுக்கு நிற்கும், பிறகு தனியாகக் கழுவ வேண்டும். ஆல்கஹாலோ வெட்டும்போதே சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகிவிடும். கறை இல்லை, கழுவும் வேலையும் மிச்சம். அதற்கு எத்தனால் போதும். ஆனால் மெத்தனாலின் விலை அதில் பாதிகூட இல்லை. திரவத்தை மாற்றியதற்குக் காரணம் அவ்வளவுதான்.

இயந்திரத்தின் கதவு மூடியிருக்கும்வரை ஆவி உள்ளேயே தேங்கும். ஒரு சுற்று முடிந்து கதவைத் திறக்கும்போது அது அப்படியே இயக்குபவரின் முகத்துக்கு நேரே வருகிறது. அவர் குனிந்து பாகத்தைக் கழற்றுகிறார். ஒட்டியிருக்கும் துகளையும் ஈரத்தையும் ஏர் கன்னால் ஊதித் தள்ளுகிறார். ஊதும்போது மெத்தனால் பொடித்துளியாகக் கையிலும் சட்டையிலும் தெறிக்கிறது. அடுத்த துண்டை மாட்டிக் கதவை மூடுவதற்குள் பக்கத்து இயந்திரம் நின்றுவிடும், ஏனென்றால் ஒருவர் பல இயந்திரங்களைப் பார்க்க வேண்டும். ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரம். பாதுகாப்புக்கு இருந்தவை சாதாரண முகக்கவசமும் மெல்லிய கையுறையும். நனைந்த கையுறையும் சட்டையும் தோலோடு ஒட்டியே இருந்தால் மெத்தனால் நிதானமாக உள்ளே இறங்கும்.

எட்டு மணி நேர வேலைக்கு மெத்தனாலின் வரம்பு 200 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 200 பங்கு. நம் தொழிற்சாலைச் சட்ட அட்டவணையில் எழுதியிருந்ததும் இதே எண்தான். கொரியப் பட்டறையில் அதிகாரிகள் அளந்தபோது உச்ச அளவு இதைப்போல் பத்து மடங்கு இருந்தது. பத்து மடங்கு என்றால் என்ன என்று ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 பிபிஎம் என்பது ஒரு கனமீட்டர் காற்றில் ஏறக்குறைய 260 மில்லிகிராம். இலேசான வேலை செய்பவர் எட்டு மணி நேரத்தில் 10 கனமீட்டர் காற்றை இழுப்பார். இழுத்ததில் ஐந்தில் மூன்று பங்கு உடம்பில் தங்கினால் ஒன்றரை கிராம், அதாவது 2 மில்லிலிட்டர். கல்லீரல் அதைச் சமாளித்துவிடும். அதையே 2,000 பிபிஎம், 12 மணி நேரம் என்று போடுங்கள்: 15 கனமீட்டர் காற்றில் 39 கிராம் இழுத்து, 23 கிராமுக்குமேல் தங்குகிறது. திரவமாகச் சொன்னால் 30 மில்லிலிட்டர். ஒருவரின் பார்வையைப் பறிக்கப் போதுமென்று நச்சியல் நூல்கள் சொல்லும் அளவு அதற்குள்ளேயே அடக்கம். தோல்வழி ஏறியதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரே மடக்கில் போகாமல் சிறுகச் சிறுகப் போகிறது, உடலும் ஒரு பக்கம் வெளியேற்றிக்கொண்டு இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு ஷிப்ட்டின் மிச்சம் தீருவதற்குள் அடுத்த ஷிப்ட் வந்துவிடுகிறது.

மெத்தனால் தன்னளவில் பெரிய விஷமல்ல. கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், உடனே ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலத்தை அப்புறப்படுத்த ஃபோலேட் வைட்டமின் தேவை. வரத்து மிஞ்சினால் அமிலம் தேங்கி, செல்களின் ஆக்சிஜன் பயன்பாட்டைக் கடைசிப் படியில் அடைத்துவிடும். ஆக்சிஜன் பசி அதிகமுள்ள பார்வை நரம்பின் தலைப்பகுதியும், மூளைக்குள் அசைவைச் சீராக்கும் புட்டாமென் என்ற பகுதியும் முதலில் அடிபடுவது அதனால்தான். குடித்தாலும் முகர்ந்தாலும் கடைசியில் கெடுப்பது ஒரே அமிலம்தான்.

நோயாளி மருத்துவரிடம் சொல்வது என்னவோ மிகச் சாதாரணமாக இருக்கும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல். காய்ச்சல் வருகிறது என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ மாத்திரை கொடுத்து அனுப்பிவிடலாம். மறுநாள் கண் முன் பனி மூடியதுபோல் வெளுத்துத் தெரியும், மூச்சு வேகமாக வாங்கும். அந்த மூச்சை நிமோனியா என்று எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, பதற்றம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இரத்த வாயுப் பரிசோதனையில் பிஎச் இறங்கி, பைகார்பனேட் குறைந்து, கணக்கில் வராத அமிலத்தைக் காட்டும் அயனி இடைவெளி கூடியிருக்கும். சர்க்கரை நோய், சிறுநீரகச் செயலிழப்பு, லாக்டிக் அமிலம் எதுவும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை என்றால் மெத்தனாலைச் சந்தேகித்தே ஆக வேண்டும். கண்ணின் உட்பரப்பைப் பார்த்தால் நரம்புத் தட்டு முதலில் சிவந்து வீங்கியிருக்கும், வாரங்கள் கழித்து வெளிறிவிடும். எம்ஆர்ஐ படத்தில் இரு பக்கப் புட்டாமெனும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் ஐயம் மேலும் உறுதிப்படும்.

இங்கே ஒரு பொறி உண்டு. வேலையில் மூச்சுவழி ஏற்றுக்கொண்டவர் மருத்துவமனைக்கு வரும்போது மெத்தனால் பெரும்பாலும் அமிலமாக மாறி முடிந்திருக்கும். அப்போது இரத்தத்தில் மெத்தனால் அளவு குறைவாகவோ இல்லாமலோ வரலாம், மாறாத ஆல்கஹால் இரத்தத்தில் இருப்பதைக் காட்டும் ஆஸ்மோல் இடைவெளியும் இயல்பாக இருக்கலாம். ‘மெத்தனால் இல்லை’ என்று வந்த தாளை வைத்து நோயை மறுத்துவிடக் கூடாது. ஃபார்மிக் அமிலத்தை அளக்க வசதி இருந்தால் அதைத்தான் அளக்க வேண்டும். சிகிச்சை நமக்குத் தெரிந்ததுதான். பைகார்பனேட்டும் ஃபோலினிக் அமிலமும் உடனே தொடங்க வேண்டும். மெத்தனால் மேலும் அமிலமாக மாறாமல் தடுக்க ஃபோமெபிசோல். அது கிடைக்காத இடத்தில் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 100 முதல் 150 மில்லிகிராம் நிற்கும்படி எத்தனால். பார்வை மங்கியிருந்தாலோ அமிலத்தன்மை கடுமையாக இருந்தாலோ டயாலிசிஸைத் தள்ளிப்போடக் கூடாது. மாறி முடிந்த நிலையில் வருபவருக்குத் தடுப்பு மருந்தைவிட டயாலிசிஸ்தான் அதிகம் உதவும்.

2016 ஜனவரியில் சியோலில் உள்ள இஹ்வா மகளிர் பல்கலைக்கழகத்தின் மொக்தொங் மருத்துவமனைக்கு இப்படி ஒரு நோயாளி வந்தபோது, உள்நோய் மருத்துவர்கள் காரணம் தெரியாத அமிலத்தன்மையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்து, அதே மருத்துவமனையின் தொழில்வழி மருத்துவத் துறைக்குச் சொன்னார்கள். அந்தத் துறை தொழிலாளர் அமைச்சகத்துக்குத் தகவல் கொடுத்தது. அதே மாதிரி வேலை நடக்கும் பட்டறைகளைச் சோதித்தபோது அடுத்தடுத்து ஆட்கள் தென்பட்டார்கள். முந்தைய ஆண்டில் வேறு மருத்துவமனைகளில் காரணம் புரியாமல் பார்வை இழந்து கிடந்தவர்களும் பிறகு தெரியவந்தார்கள். ஆறு பேருக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டிருந்தனர். ஆள் அனுப்பும் ஏஜென்சி மூலம் வந்தவர்கள். தாங்கள் கையாண்டது மெத்தனால் என்பதே அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. ‘ஆல்கஹால்’ என்ற அளவில்தான் தெரியும். மருத்துவர்கள் இந்த நோயாளிகளின் விவரத்தைக் கொரியத் தொழில்வழி மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். குடிக்காமல் நேர்ந்த மெத்தனால் பார்வையிழப்பைப் படிக்க விரும்பும் மருத்துவ மாணவர் தொடங்க வேண்டிய இடம் அது.

‘என்ன வேலை செய்கிறாய்?’ என்ற கேள்விக்குக் கொரியாவில் ஒரு வரலாறே இருக்கிறது. 1987 டிசம்பரில் முன் சொங்-மியோன் என்ற சிறுவன் சியோலின் யொங்தியுங்போ பகுதியில் வெப்பமானி செய்யும் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். ஓரிரு மாதத்தில் தூக்கம் போனது, உடம்பெல்லாம் வலி, பிறகு வலிப்பு. மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கியும் பெயர் தெரியவில்லை. சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வேலையைப் பற்றிக் கேட்ட பிறகுதான் பாதரச நஞ்சு என்று தெரிந்தது. 1988 ஜூலை 2 அன்று இறந்தபோது அவனுக்கு வயது 15. அதே காலத்தில்தான் வொன்ஜின் ரேயான் ஆலையின் கார்பன் டைசல்பைடு நஞ்சும் வெளியே வந்தது. பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, விழித்திரையின் நுண்குழாய்களில் குமிழ் என்று தனித்தனி நோயாகத் தெரிந்தவை ஒரே ஆலையின் நூற்புக்கூடத்தில் போய் முடிந்தன. தொழில்நோயாளிகளாக ஏற்கப்பட்டவர்கள் 900-க்கும் மேல். ஆலை 1993-இல் மூடியது. இழப்பீட்டுப் போராட்டத்தில் கிடைத்த பணத்தில் தொழிலாளர்களுக்கென்று மருத்துவமனையே எழுந்தது.

எங்கள் பார்வையில் மெத்தனால் சம்பவத்தை முன்கூட்டியே சொல்லிவிட்ட நிகழ்ச்சி 1995-இல் தென்கிழக்கே யாங்சானில் நடந்தது. மின்னணு சுவிட்ச் பாகங்களைக் கழுவ அதுவரை சிஎஃப்சி-113 என்ற, ஓசோனை அழிக்கும் திரவம் பயன்பட்டது. ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கையால் அதை நிறுத்த வேண்டி வந்தது. பதிலுக்கு வந்த திரவத்தில் பெரும்பகுதி 2-புரோமோபுரோப்பேன். தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, சீக்கிரம் காயும், ஓசோனுக்கு அவ்வளவு கெடுதல் இல்லை, எல்லாம் சரி. மனித உடலை என்ன செய்யும் என்று மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை. எந்த நாட்டிலும் அதற்கு வரம்பு இல்லை. ஓராண்டு கடந்ததும், ஒரே பிரிவில் வேலை பார்த்த பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோதுதான் பலருக்கும் மாதவிலக்கு நின்றுபோயிருப்பது தெரிந்தது. அந்தப் பிரிவின் 33 பேரைப் பரிசோதித்தார்கள். 25 பெண்களில் 16 பேருக்குச் சினைப்பை செயலிழந்து, சினைப்பையைத் தூண்டும் எஃப்எஸ்எச் ஹார்மோன் மாதவிடாய் முற்றும் நின்ற வயதுக்காரர்களைப்போல் ஏறியிருந்தது. 8 ஆண்களில் இருவருக்கு விந்தணுவே இல்லை, நால்வருக்கு எண்ணிக்கையோ அசைவோ குறைவு. சிலருக்கு இரத்த அணுக்கள் மூன்று வகையும் குறைந்திருந்தன. அதன் பிறகு கொரியாவிலும் ஜப்பானின் நாகோயாவிலும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, மனிதர்களில் கண்டது சரிதான் என்று உறுதிப்படுத்தினார்கள். முறைப்படி எலியில் தொடங்கி மனிதரில் முடிய வேண்டியது தலைகீழாக நடந்தது.

யாங்சானில் பிறகு அதே வேலையைத் திரும்பச் செய்துகாட்டி அளந்தபோது, அறைக் காற்றில் 2-புரோமோபுரோப்பேன் சராசரி 12 பிபிஎம் சுற்றி. கழுவும் தொட்டியின் கூண்டுக்குள் அதுவே 4,000 பிபிஎம்மைத் தாண்டியது. கூண்டுக்குள் தலையை நீட்டிப் பாகத்தை எடுப்பவரின் மூக்கு இருந்தது அந்தக் கூண்டில்தான். சிஎன்சி கதவு திறக்கும் கணத்துக்கும் இது பொருந்தும். பட்டறை நடுவில் ஒரு கருவியை நட்டுவைத்து எட்டு மணி நேரச் சராசரி எடுப்பவர் எல்லாம் ஒழுங்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். சட்டைக் காலரில் மாட்டும் கருவியால்தான், அதுவும் கதவு திறக்கும் நிமிடங்களைத் தனியாகப் பிரித்து, அளக்க வேண்டும். மெத்தனாலுக்குப் பதினைந்து நிமிட வரம்பு 250 பிபிஎம் என்று தனியே இருப்பது இதற்காகத்தான்.

யாங்சானோடு இது நிற்கவில்லை. 2005-இல் ஹ்வாசொங்கில் தாய்லாந்துப் பெண்கள் எட்டுப் பேருக்கு, மின்னணு சட்டகம் துடைக்கும் என்-ஹெக்சேன் என்ற கரைப்பானால் கால் நரம்புகள் செத்து நடக்க முடியாமல் போனது. அவர்களில் மூவர் நோயோடு ஊர் திரும்பிவிட்டிருந்தார்கள். திரும்ப வரவழைத்துத்தான் சிகிச்சை கொடுத்தார்கள். 2022 தொடக்கத்தில் சாங்வொனில் 16 பேரும் கிம்ஹேயில் 13 பேரும் டிரைகுளோரோமீத்தேனால் (குளோரோஃபார்ம்) கல்லீரல் கெட்டுப்போனார்கள். அங்கே டிரம்மில் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்த பொருள் வேறு.

கொரியாவில் ஆபத்தான பொருளைக் கையாளும் தொழிலாளருக்குச் சிறப்பு உடற்பரிசோதனை சட்டப்படி கட்டாயம். மெத்தனாலும் அந்தப் பட்டியலில் உண்டு. பிறகு எப்படித் தப்பியது? பரிசோதனை நடப்பது குறிப்பிட்ட மாத இடைவெளியில். ஏஜென்சி ஆள் அதற்குள் வேறு பட்டறைக்குப் போயிருப்பார், அல்லது நோயாளியாகியிருப்பார். பரிசோதனை நாளில் வரிசையில் நிற்பவர் நிலையாக இருப்பவர், பெரும்பாலும் நலமாக இருப்பவர். மெத்தனாலுக்கான சிறுநீர்ப் பரிசோதனையிலும் இதே சிக்கல். ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்தால்தான் பொருள் உண்டு. வரம்பு லிட்டருக்கு 15 மில்லிகிராம். சில மணி நேரத்திலேயே அளவு பாதியாக இறங்கிவிடும் என்பதால் மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச்சொல்லி எடுக்கும் மாதிரி வீண்.

ஶ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் சிஎன்சி பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் அங்கே பாதுகாப்புப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் சில நடைமுறைச் செய்திகள். ‘ஐபிஏ’, ‘ஸ்பிரிட்’, ‘கிளீனர்’ என்று பட்டறையில் வழங்கும் பெயரை நம்பாமல், டிரம்மோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளில் வேதிப்பெயரையும், அதன் பக்கத்தில் இருக்கும் சிஏஎஸ் எண்ணையும் (ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் உரிய தனி அடையாள எண்) பாருங்கள். மெத்தனாலுக்கு 67-56-1, எத்தனாலுக்கு 64-17-5. சரக்கு கொடுப்பவர் மாறினாலோ விலை திடீரென்று இறங்கினாலோ மறுபடி பாருங்கள். கரித்தூள் அடைத்த முகமூடியை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மெத்தனால் மூலக்கூறு சிறியது, கரியில் நிற்காமல் சீக்கிரமே கடந்துவிடும். வெளியிலிருந்து குழாய்வழி காற்று தரும் முகமூடிதான் அதற்குத் தாங்கும். மருத்துவமனையில் போடும் மெல்லிய கையுறையும் உதவாது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். வாசனை வந்தால் எச்சரிக்கையாகிவிடலாம் என்ற எண்ணமும் வேண்டாம், மூக்கு அதற்குள் பழகியிருக்கும். இவ்வளவு செலவையும் கூட்டிப் பார்த்தால் எத்தனாலின் விலை குறைவாகவே தெரியும். அப்படியும் ஆல்கஹால்தான் வேண்டுமென்றால், இயந்திரத்துக்குள்ளிருந்தே காற்றை உறிஞ்சும் குழாய் வைத்து, உறிஞ்சி முடிந்த சில நொடிக்குப் பிறகே கதவு திறக்கும்படி பூட்டு அமைக்கலாம். ஏர் கன்னை எடுத்துவிட்டு, கதவு மூடிய நிலையிலேயே உள்ளே ஊதிக்கொள்ளும் முனை பொருத்தலாம்.

இலங்கையிலிருந்து அரசு ஒப்பந்த முறையில் கொரியாவுக்கு வேலைக்குப் போகிறவர்களில் தமிழர்களும் இருக்கிறார்கள். கொரியத் தொழில் விபத்துக் காப்பீடு வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் பொருந்தும். தொழில்நோயும் அதில் அடங்கும். டிரம்மில் ஒட்டியிருக்கும் தாளைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எந்தப் பட்டறையில் எந்தத் திரவத்தோடு வேலை என்று எழுதி வைப்பதும் பின்னால் உதவும். என்-ஹெக்சேன் போன்றவற்றில் வேலையை விட்ட பிறகும் இரண்டு மூன்று மாதம் நரம்புக் கோளாறு கூடிக்கொண்டே போகும். ஊர் வந்து சேர்ந்த பின் கால் மரத்துப்போனால் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பார்க்கும் மருத்துவரிடம் அந்தப் படத்தைக் காட்டலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். மெத்தனால் பாதிப்பென்று இனி ஒரு செய்தி வரும்போது, ‘அருந்தியவர்’ என்ற சொல் அச்சேறுவதற்கு முன் அவர் என்ன வேலை செய்தார் என்று ஒருமுறை விசாரித்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
தொழில்வழி நோய்களில் பணியாற்றும் மருத்துவர்கள் இருவர்,
சென்னை